எட்டும் எட்டாம் வகுப்பும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கச் செயலாளர் கேட்டதும் கவிதைதான் எழுத நினைத்தேன். ஆனால் எங்கள் வகுப்பிலேயே ஒன்பது பேர் 'தாய்', 'நட்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! ஆகவே நண்பர்களே, நான் எட்டுப் போட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். தடுக்கி விழுந்தால் லாரிப் பட்டறையில்தான் விழ வேண்டும். அப்பா லாரி கிளீனர். இருபது வருடத்துக்கு மேலாகக் கிளீனர். அவருக்குப் பின்னால் வந்த பையன்கள் எல்லாம் டிரைவர் ஆகிவிட்டார்கள். இவர் மட்டும் இன்னமும் டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, "வரலாம்... வரலாம்... போதும்" என்று கத்திக்கொண்டிருக்கிறார். காரணம், படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது. சரக்கு வண்டி லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று அப்போது விதி. 2019-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். பேப்பரில் பார்த்து ஓடிப்போய்ச் சொன்னேன். "இனிமே எதுக்கு கண்ணு?" என்று சிரித்துவிட்டு ஜாக்கியைத் துடைக்கப் போய்விட்டார். ஆனால் அன்று ராத்திரி அதே பேப்பரை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் தூங்குவது போலப் படுத்திருந்தேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் "மொதல்ல எல்.எல்.ஆர். போடு" என்றவர் அவர்தான். கம்ப்யூட்டரில் சாலை விதிக் கேள்விகள். அதில் பாஸ்! முப்பது நாள் கழித்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்.

சித்தப்பாவின் பைக்கை வாங்கிக்கொண்டு லாரி நிறுத்தும் மைதானத்துக்குப் போனோம். லைசென்ஸ் இல்லாத மனுஷன் ரோட்டில் வைத்துச் சொல்லித்தரக் கூடாது என்பதில் அப்பா கறாராக இருந்தார். செங்கல் அடுக்கி எட்டுப் போட்டுக் கொடுத்தார். கிளட்ச் பிளேட்டைப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவன் நான். கையில் பிடித்தால் வண்டி தவளை மாதிரிக் குதித்து நின்றுபோகிறது!

"புஸ்தகத்த விடு. வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு. மொணங்குதா? அப்பக் கிளட்ச்சக் கொஞ்சம் புடி. முன் சக்கரத்தப் பாக்காத, போகப்போற எடத்தப் பாரு. முன் பிரேக்கத் தொடாத, பின் பிரேக்க லேசா மிதி."

மூன்றாம் வாரம் செங்கல் விழவில்லை.

தேர்வன்று சம்பளத்தை விட்டுவிட்டு அப்பாவும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தார். எங்கள் பக்கம் எல்லோரும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் ஆய்வாளர் தலையசைத்தார். முதல் வளைவு சரி. இரண்டாவது வளைவில் அப்பா நிற்கிறாரா என்று பார்த்தேன். அவ்வளவுதான், கால் தரையில்! "ஏழு நாள் கழிச்சு வாப்பா."

வெளியே ஒருவர் காதோரம் வந்து, "கொஞ்சம் செலவு பண்ணுனா அடுத்த தடவ சுலுவா முடிச்சிரலாமுங்க" என்றார். ஒருநாள் சம்பளம் போன மனுஷன், இன்னொரு நாளும் போகுமே என்று ஒத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "வேண்டாமுங்க. அவனே போட்டுக்குவான்" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

எட்டாம் நாள் தனியாகப் போனேன். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிப் போயிருந்தார். இந்த முறை யாரையும் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் ஒன்றுதான் காதில். போட்டு முடித்து நிறுத்தியபோது கை நடுங்கியது.

போன் போட்டேன். லாரி இரைச்சல்.

"கால் ஊனுனியா?"

"இல்லீங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பக்கத்தில் டிரைவரிடம் சொல்வது கேட்டது. "ஏனுங்க, என்ற பையன் எட்டுப் பாஸ் பண்ணிட்டானுங்க!"

"டிப்ளமோ படிக்கிற பையன் இப்பத்தான் எட்டாவது பாஸா?" என்று டிரைவர் சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார்.