அரைப் பேப்பருக்கு மார்க் போட்ட டீச்சர்



போன வாரம் இங்கே ஒரு படத்தைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். "பார்க்கத் தேவையில்லை. ஐந்துக்கு ஒன்று." நிறையப் பேர் லைக் போட்டீர்கள். "நன்றி டீச்சர், காசு மிச்சம்" என்றுகூடச் சிலர் எழுதினீர்கள். அந்தப் பதிவை நேற்று எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

அன்றைக்கு நடந்தது இதுதான். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே தஞ்சாவூர் போனேன். கொளுத்தும் வெயில், முட்டி வலி வேறு. படத்தில் காலையில் நாற்று நடுகிறார்கள், அன்று சாயங்காலமே பக்கத்து வயலில் கதிர் அறுக்கிறார்கள். நமக்குப் பொறுக்குமா? இடைவேளையிலேயே கிளம்பி வந்து, செல்போனை எடுத்து மார்க் போட்டுவிட்டேன்.

ராத்திரி ஒரு போன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன், இப்போது சென்னையில் உதவி இயக்குநர். அந்தப் படத்தில் அவனும் வேலை செய்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

"டீச்சர், இடைவேளைக்கு அப்புறம் பாத்தீங்களா?"

"இல்லப்பா, கிளம்பிட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீங்க அரைப் பேப்பர் திருத்தி மார்க் போட மாட்டீங்களே டீச்சர்" என்றான். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

34 வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். காலையில் இருக்கிற கை சாயங்காலம் இருக்காது என்று தெரியும். அதனால் கட்டு முடிந்ததும் முதல் பத்துப் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். எழுத்துப்பிழைக்கு அரை மார்க் குறைப்பேனே தவிர, பிள்ளையை ஃபெயிலாக்க மாட்டேன். நாற்றும் கதிரும் மாறிப்போனது ஓர் எழுத்துப்பிழை. அதற்காக முழுப் பேப்பரையும் அடித்துவிட்டேனே!

1977-இல் '16 வயதினிலே' வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தேன். ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. "இவ்வளவு நல்ல படத்துக்கு இவ்வளவுதானா?" என்று எங்களுக்குள் சண்டை. விகடன் 60 தொடுவதே அபூர்வம், ஆகவே அது பெரிய மார்க் என்று பிறகுதான் புரிந்தது. திருத்துகிறவரின் அளவுகோல் தெரியாமல் மார்க்கை மட்டும் பார்த்துப் பயனில்லை. இப்போது நாம் போடுவது ஒன்று அல்லது ஐந்து. நடுவில் இருக்கிற நட்சத்திரங்களைத் தொடுவதே இல்லை.

வசூலும் மார்க் ஆகாது. 2003-இல் 'அன்பே சிவம்' ஓடவில்லை. இன்று டிவியில் போட்டால் வீடே உட்கார்ந்து பார்க்கிறது. படம் மாறவில்லை, பார்க்கிற நாம்தான் மாறியிருக்கிறோம்.

எங்கள் தாத்தா ஞாபகமும் வந்தது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டவர். 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' பார்க்க எங்களையெல்லாம் கூட்டிப் போனார். வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூச்சு பிடிக்கிறது சரியா இருக்கு" என்றார். நாட்டியம் எப்படி என்று பாட்டி கேட்டதற்கு, "எனக்குத் தெரியாததுக்கு நான் எதுக்கு மார்க் போடணும்?" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போதுதான் அந்தப் பாடம் ஏறுகிறது.

வியாழக்கிழமை, படத்தைத் தூக்குவதற்கு முதல் நாள், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் முழுப் படத்தையும் பார்த்தேன். சிரிக்க வைக்க எடுத்த படமா, அழ வைக்க எடுத்த படமா, எடுத்த காரியத்தை முடித்தார்களா என்று அதை மட்டும் பார்த்தேன். கேட்ட கேள்விக்குத்தானே விடை தேட வேண்டும்? பின்பாதியில் அம்மாவும் மகனும் பேசாமல் சாப்பிடுகிற ஒரு காட்சி, கண் கலங்கிவிட்டது. முன்பாதி இழுவை என்பது மட்டும் மாறவில்லை. தெரிந்த பிள்ளை என்று மார்க்கை அள்ளிப் போட்டால் அதுவும் அநியாயம்தான்.

அவனுக்குப் போன் செய்தேன். "நூத்துக்கு 44 தம்பி."

"பாஸா டீச்சர்?"

"35 எடுத்தா பாஸ்தானே! ஆனா முன்பாதியில அரை மணி நேரத்தை வெட்டியிருக்கணும்."

சிரித்துவிட்டான். "அதையேதான் நானும் சொன்னேன் டீச்சர், யாரும் கேக்கல."

என் பேச்சைக் கேட்டுப் படத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அவசரத்தில் மார்க் குறைத்த பழைய மாணவர்கள் இங்கே யாராவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். மறுகூட்டலுக்குக் கட்டணம் கிடையாது.

வாழ்க வளமுடன்.