தொடாத வாத்தியத்தைத் தொட்ட கதை

தெரமின் என்னும் வாத்தியத்தைத் தொடாமல்தான் வாசிக்க வேண்டும். நாமோ தொட்டோம், தொட்டதோடு நில்லாமல் வயிற்றையும் திறந்தோம்.

1920-ஆம் ஆண்டு வாக்கில் பெட்ரோகிராடில் லெவ் தெர்மென் என்ற ருஷ்ய விஞ்ஞானி சிருஷ்டித்த இதற்குத் தந்தியும் இல்லை, துளையும் இல்லை. பெட்டிக்குள் இரண்டு மின் அலைவுகள் உண்டு. ஒன்று விநாடிக்கு 2,60,000 தடவையும் மற்றது 2,59,560 தடவையும் அதிர்ந்தால், வித்தியாசமாகிய 440 ஸ்வரமாய்க் காதில் விழும். ஏரியலருகே கை போகப் போக வித்தியாசம் மிகுந்து, ஸ்ருதி ஏறும்.

நம் வீட்டு டிரான்ஸிஸ்டர் தெரமின் ஒரு நாள் ஓயாமல் முனகத் தொடங்கிற்று. வெளிக் குமிழுக்கு அடங்கவில்லை. மூடியைத் திறந்து, கம்பிச் சுருளின் நடுவிலுள்ள பெரைட் திருகை இரும்புத் திருப்புளியால் திருப்பினோம். மௌனம்! வெற்றி என்று கையை எடுத்தோம், மறுபடி முனகல். கையும் இரும்பும் கிட்ட இருந்தவரை அவையும் யந்திரத்தின் அங்கங்களாகிவிட்டன என்பது அப்போது புத்தியில் படவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு முறுக்கு. 'டக்' என்று திருகு பிளந்தது. பெரைட் கண்ணாடியைப் போல் நொறுங்கக் கூடியது.

வேறு சுருள் வைத்த பின் புத்தி வந்தது. கால் மணி நேரம் சூடேற விட்டோம். பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, பிளாஸ்டிக் திருப்புளியால் எள்ளளவு திருப்புவது, மூடியை வைப்பது, இரண்டடி விலகி நின்று கேட்பது, மறுபடி கிட்டே போவது — மாலை முழுவதும் இதே தவம்.

பழைய வால்வுத் தெரமினில் இந்தச் சாகஸம் கூடவே கூடாது. அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. கம்பெனி 1929-ல் வெளியிட்ட மாதிரியினுள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. பழகிய ரேடியோ நிபுணரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

நம் பெட்டி ஒருவாறு சரியாயிற்று. ஆனால் புதல்வி வந்து வாசித்தபோது ஒரு ஸ்வரமும் சேரவில்லை. ஆறு மாதம் சாதகம் செய்து, காற்றில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அவள் கண்டு வைத்திருந்த இடங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிட்டன. குழந்தையின் கண்ணில் நீர் ததும்பிற்று.

மறு நாள் காலை அவளையே வாசிக்கும் இடத்தில் நிறுத்தி, அவள் "போதும் அப்பா" என்று சொல்லும் வரையில் திருகினோம்.