தாம்பரம் மொட்டை மாடியும் மூன்று கருந்துளைகளும்!

கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீட்டின் மொட்டை மாடியில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். 2025 மே கடைசி வாரம், அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், இரவு 11 மணி. கீழே அறையில் ஃபேன் சுற்றினாலும் புழுக்கம் தாங்கவில்லை. மேகம் ஓரளவு விலகியிருந்தது. எழும்பூரிலிருந்து புறப்பட்ட ஏதோ ஓர் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

அப்பாவுக்குத் தூக்கம் வராததற்கு வெக்கை மட்டும் காரணமில்லை. பீரோவில், எல்.ஐ.சி பத்திரங்கள் இருக்கும் ஃபைலுக்குள் மகளின் வேலை உத்தரவு இருந்தது. சிறுசேரியில் ஒரு ஐ.டி நிறுவனம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளோ, வெளியூரில் எம்.எஸ்ஸி இயற்பியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அங்கேதான் போவேன் என்கிறாள்.

``ஏம்மா, அதைப் படிச்சிட்டு என்ன பண்ணுவ?''

``கருந்துளை தேடுவேன்ப்பா.''

``கண்ணுக்கே தெரியாததுன்னு நீதானே சொன்ன... அப்புறம் எப்படித் தேடுவ?''

நியாயமான கேள்வி. பள்ளிப் பாடத்தில் கருந்துளை என்றால் அருகில் வரும் எல்லாவற்றையும் விழுங்கும் அரக்கன். உண்மையில் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துத் தின்னும்போது மட்டும்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். விழப்போகும் வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழும். இப்படிச் சத்தம் போடும் கருந்துளைகளைத்தான் 1960-களிலிருந்து கண்டுபிடித்து வந்தார்கள். நம் பால்வெளியில் மட்டும் நட்சத்திரங்கள் செத்துப் பிறந்த கருந்துளைகள் சுமார் 10 கோடி இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. எக்ஸ் கதிரால் கண்டுபிடித்தவையோ சில டஜன்கள். மற்றவை எதையும் தின்னாமல், இருட்டில் சும்மா இருக்கின்றன. உறங்கும் கருந்துளைகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

``சின்ன வயசுல என்கூட தட்டாமாலை சுத்துவீங்களே, ஞாபகம் இருக்காப்பா?''

இரண்டு பேர் கைகோத்துச் சுற்றும் அதே தட்டாமாலைதான். கனமான அப்பா நின்ற இடத்திலேயே லேசாகச் சுழல்வார், குட்டிப்பெண் பெரிய வட்டமாகப் பறப்பாள். இப்போது கரன்ட் போய்விட்டது, அப்பா கறுப்புச் சட்டை, மகள் வெள்ளை கவுன் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வெள்ளை கவுன் அந்தரத்தில் வட்டமடிப்பது மட்டும்தான் தெரியும். ஆனால், யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. எவ்வளவு பெரிய வட்டம், எவ்வளவு வேகம் என்று அளந்தால், பிடித்திருப்பவரின் கனத்தைக்கூடச் சொல்லிவிடலாம்.

``எங்க ஷெட்ல பண்ற வேலை மாதிரியில்ல இருக்கு?'' என்றார் அப்பா. தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் 34 வருடம் இருந்தவர். சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், வண்டி உள்ளே வரும் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பெட்டி ஆடுகிற ஆட்டத்தில் எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிடுவார்.

இந்த வித்தையை நட்சத்திரங்களிடம் முதலில் காட்டியவர் ஜெர்மானியரான பெஸ்ஸல். வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அது நேர்க்கோட்டில் நகராமல், குடித்தவர் நடைபோல லேசாக வளைந்து வளைந்து போகிறது, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-ல் அறிவித்தார். அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் ஒரு புதிய தொலைநோக்கியைச் சோதித்துப் பார்த்தபோது, அந்தத் துணை மங்கலான ஒரு புள்ளியாகச் சிக்கியது. பிறகு, பூமியின் பருமனுக்குள் சூரியனின் எடையை அடைத்துவைத்திருக்கும் `வெள்ளைக் குள்ளன்' அது என்று தெரிந்தது.

வெள்ளைக் குள்ளன் என்றதும் கதை மயிலாப்பூருக்கு வந்துவிடுகிறது. மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியிலேயே கணக்குப் போட்டு, வெள்ளைக் குள்ளன் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சரிய வேண்டும். சரிந்து என்ன ஆகும் என்ற கேள்விதான் கடைசியில் கருந்துளையில் கொண்டுபோய் விட்டது. 1935 ஜனவரியில் லண்டனில் இதைச் சொன்னபோது, அன்றைய பெரிய தலையான எடிங்டன் அதே மேடையில் கிண்டல் செய்து உட்காரவைத்தார். நோபல் பரிசு வர 1983 ஆனது.

``அவங்க அப்பாவும் ரயில்வேதான்ப்பா. கணக்குப் பிரிவுல பெரிய ஆபீஸர்.''

``ஓ...''

``பையன் ஐ.சி.எஸ் எழுதணும்னு ஆசைப்பட்டார். அவங்க அம்மாதான் பிடிச்சதைப் படின்னு சொன்னாங்க.''

அப்பா பதில் பேசவில்லை. சந்திரசேகர் புறப்படும்போது அம்மா சீதாலட்சுமி கடுமையான நோயில் இருந்தார் என்பதையும், அந்த நிலையிலும் மகனைப் போகச் சொன்னார் என்பதையும், மறு வருடமே இறந்துவிட்டார் என்பதையும் மகள் அப்போது சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான். அந்த வீட்டிலும் அம்மா இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே ஆரம்பித்தார். ``சரி, தப்பா இருந்துட்டா?''

``தப்பா இருந்திருக்கு. நம்ம நுங்கம்பாக்கத்துலயே.''

மழைக்காலத்தில் டி.வி சேனல்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த வானிலை மைய வளாகத்தில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. 1792-ல் நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே டெய்லர் என்பவர் 11,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்து அட்டவணை போட்டார். அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற கேப்டன் ஜேக்கப், `70 ஒஃபியூக்கி' என்ற இரட்டை நட்சத்திரத்தின் சுற்றுப்பாதையில் ஒரு கோணல் இருப்பதைப் பார்த்தார். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்று 1855-ல் எழுதினார். யோசனை அருமை. அளவுதான் போதவில்லை. அப்படி ஒரு கோள் அங்கே இல்லை என்பது பிற்காலத்தில் தெளிவானது.

பழைய காலத்துக் கருவி என்று ஒதுக்கவும் முடியாது. 2020-ல் `எச்.ஆர் 6819' என்ற இடத்தில், சுமார் 1,000 ஒளியாண்டு தூரத்தில், நமக்கு மிக அருகிலான கருந்துளை சிக்கிவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2022-ல், சொன்ன குழுவும் மறுத்த குழுவும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தார்கள். கருந்துளை இல்லை. ஒரு நட்சத்திரம் தன் வெளிப்போர்வையை இன்னொன்றிடம் பறிகொடுத்திருந்தது, அவ்வளவுதான். தாங்கள் சொன்னதைத் தாங்களே திருத்திக்கொண்ட அந்தக் குழுவுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

ஜேக்கப்பிடம் இல்லாதது `கையா'விடம் இருந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் அனுப்பிய விண்கலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, ஏறக்குறைய 200 கோடி நட்சத்திரங்களை மறுபடி மறுபடி அளந்தது. பிரகாசமான நட்சத்திரங்களில் அதன் துல்லியத்துக்கு ஓர் உதாரணம்: மும்பையில் ஒருவர் நீட்டும் தலைமுடியின் தடிமனைத் தாம்பரத்தில் நின்றபடி அளப்பது.

தூரத்தை அளக்கும் முறை இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதிதில்லை. 1802-ல் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி பிடித்து அளந்து, அதை அடிக்கோடாக வைத்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கக் கிளம்பினார். கையா செய்ததும் முக்கோணம்தான். அடிக்கோடு மட்டும், சூரியனைச் சுற்றும் பாதையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே சுமார் 30 கோடி கிலோமீட்டர்.

2022 ஜூனில் கையாவின் மூன்றாவது தரவுத் தொகுப்பு வெளியானது. அதில் ஆடும் நட்சத்திரங்களின் நீண்ட பட்டியல் இருந்தது. கரீம் எல்-பத்ரி என்ற இளம் விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அதைச் சலித்தார்கள். சூரியனைப் போன்ற ஒரு சாதாரண நட்சத்திரம், சுமார் 186 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் இருப்பதன் எடை சூரியனைப்போல் 9.6 மடங்கு என்று வந்தது. அவ்வளவு எடையில் அது நட்சத்திரமாக இருந்தால் சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஜொலிக்க வேண்டும். அங்கே ஒளியே இல்லை.

``உடனே கருந்துளைன்னு சொல்லிட்டாங்களா?'' அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

``இல்லப்பா. ஹவாய்ல இருக்கிற ஜெமினி தொலைநோக்கி, இன்னும் சில தொலைநோக்கிகள்ல அந்த நட்சத்திரத்தோட வேகத்தைத் தனியா அளந்தாங்க. கையா பார்த்தது பக்கவாட்டு ஆட்டம். இது நம்மை நோக்கி வர்றது, விலகிப் போறது. ரெண்டும் ஒரே கணக்குல வந்து உட்கார்ந்துச்சு.''

``அதானே! சத்தத்தை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழட்ட மாட்டோம். பிட்டுக்குக் கொண்டுபோய் கேஜ் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைப்போம். என் காதை நானே நம்ப மாட்டேன்.''

அந்தக் கருந்துளைக்கு `கையா பி.எச் 1' என்று பெயர். 1,560 ஒளியாண்டு. இதுவரை தெரிந்தவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது. 2023-ல் இரண்டாவது வந்தது. ஒரு சிவப்புப் பெரு நட்சத்திரம் 1,277 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றுகிறது. 2024 ஏப்ரலில் மூன்றாவது. அடுத்த தொகுப்புக்காகத் தரவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே அது கண்ணில் பட்டுவிட, வெளியீட்டுத் தேதி வரை காத்திருக்க மனமில்லாமல் முன்கூட்டியே அறிவித்தார்கள். சூரியனைப்போல் 33 மடங்கு எடை. நட்சத்திரம் இறந்து உருவான கருந்துளைகளில் பால்வெளியில் இதுவரை தெரிந்த மிகக் கனமானது இதுதான். துணை நட்சத்திரம் ஒரு சுற்று முடிக்க 11.6 ஆண்டுகள் ஆகும். அடிக்கடி போய் அளந்துவிட்டு வரும் வேலை இல்லை, வருடக்கணக்கில் உட்கார வேண்டும்.

அந்த நேரத்தில் மூன்றுமே தாம்பரம் வானத்தில் இருந்தன. மகள் கையைப் பிடித்துக் காட்டினாள். தென்கிழக்கே சிவப்பாகக் கேட்டை. அதற்கு வடகிழக்கே ஒஃபியூக்கஸ், பாம்பைப் பிடித்திருக்கும் மனிதனின் மண்டலம். முதல் கருந்துளை அந்தத் திசையில். கையை நீட்டி மடக்கினால் ஒரு முஷ்டி அகலத்தில், ஜேக்கப் ஏமாந்த அதே 70 ஒஃபியூக்கி. தெற்கே, வண்டலூர்ப் பக்கத்து வெளிச்சத்துக்கு மேல் தாழ்வாக இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், ஆல்ஃபா சென்டாரியும் பீட்டா சென்டாரியும். பீட்டாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது. மூன்றாவது கிழக்கே, அப்போதுதான் மேலேறிக்கொண்டிருந்த திருவோணத்துக்கு அருகில்.

``திருவோணமா? என் நட்சத்திரம்!''

``தெரியும்ப்பா.''

``ஒண்ணுமே தெரியலையே அங்க?''

``தெரியாது. அதான் வேலையே.''

கையா 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்திவிட்டது. மார்ச்சில் அதை நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள். ஆனால், அளந்ததில் பெரும்பகுதி இன்னும் வெளியே வரவில்லை. நான்காவது தொகுப்பு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மகள் எம்.எஸ்ஸி இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது. அவள் போட்டிருந்த கணக்கு அதுதான். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கணினியும் பொறுமையும் இருந்தால் போதும் என்றாள். அப்பா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, ``ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்?'' என்று வேறு கணக்குக்குப் போனார். உதவித்தொகை எப்போது வரும், வராவிட்டால் என்ன, பென்ஷனில் எவ்வளவு எடுக்கலாம் என்று பீச் போகும் கடைசி லோக்கல் கிளம்பிய பிறகும் பேச்சு ஓடியது. சின்னச் சண்டையும் வந்தது.

வியாழக்கிழமை காலை மதுராந்தகத்திலிருந்து அத்தை போன் செய்தார். ``பாப்பா எப்போ வேலைல சேருறா?''

``சேரலக்கா. நட்சத்திரம் எப்படி ஆடுதுன்னு பார்க்குற படிப்பு படிக்கப்போறா.''

``ஜோசியமா?''

``இல்லக்கா... திருவோணத்துக்குப் பக்கத்துல கருந்துளை ஒண்ணு இருக்கு...''

``ஐயய்யோ! உன் நட்சத்திரமாச்சே, ஏதாவது பரிகாரம் பண்ணணுமா?''

``ரெண்டாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கு, ஒண்ணும் பண்ணாது'' என்றார் அப்பா. போனை வைத்துவிட்டு, வேலை உத்தரவை எடுத்து ஒருமுறை படித்தார். கிழிக்கவில்லை. மடித்து, அதே எல்.ஐ.சி ஃபைலில் வைத்து பீரோவைப் பூட்டினார்.