டெல்லிக்கு வந்த கனகாம்பரம்

டெல்லியில் ஓர் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் பால்கனியில் மண்தொட்டி ஒன்று இருந்தது. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு கனகாம்பரச் செடி. நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த பாட்டி, இரண்டு இரவுகள் இரயிலில் தம் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடி அது.

"இந்தப் பூவில் மணமே இல்லையே! இதைப் போய் ஏன் பாட்டி இவ்வளவு தொலைவு சுமந்து வந்தீர்கள்?" என்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கேட்டாள்.

"மல்லிகை காலையில் வைத்தால் மாலையில் வாடிவிடும் கண்ணு. இது இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். தலையில் இருப்பதே தெரியாது, அவ்வளவு இலேசு" என்றார் பாட்டி.

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய குறுஞ்செடி. பெரும்பாலும் மூன்று அடிக்கு மேல் வளராது. இலைகள் கரும்பச்சையாய்ப் பளபளக்கும். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி, நாளுக்குச் சிலவாகப் பூக்கள் மலரும். மெல்லிய குழல் போன்ற பூவின் வாய், ஒரு பக்கமாக மட்டும் விசிறிபோல விரியும். ஆரஞ்சு நிறமே மிகுதி; மஞ்சளும் சிவப்பும் உண்டு. நீர் தேங்காத மண்ணும் மக்கிய எருவும் போதும். சுமார் 60 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டால் இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். வேரைத் தாக்கும் நூற்புழுதான் இதன் பெரும்பகை.

இதில் 'டெல்லி கனகாம்பரம்' என்றே ஒரு வகை உண்டு. அது விதை கட்டாது. தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். பெயரில் டெல்லி இருந்து என்ன பயன்? டெல்லிக் குளிர் அதற்கும் ஆகாது. பாட்டி கொண்டுவந்தது விதை கட்டும் நாட்டு வகை.

ஐப்பசியில் பாட்டி ஊர் திரும்பினார். "குளிர் தொடங்கியதும் செடியை உள்ளே எடுத்து வைத்துவிடு" என்று பேத்தியிடம் மட்டும் சொல்லிச் சென்றார். அவளும் தலையாட்டினாள். பிறகு தேர்வு வந்தது, விடுமுறை வந்தது. மார்கழியில் ஒரு வாரம் மூடுபனி விலகவே இல்லை. அதன்பின் ஒரு காலையில் அவள் பால்கனிக் கதவைத் திறந்தபோது இலைகள் கறுத்துச் சுருண்டு தொங்கின. தொட்டியை உள்ளே கொண்டுவந்து பல நாள் நீர் ஊற்றியும் தண்டு பசுமை காட்டவில்லை.

ஞாயிறுதோறும் பாட்டி தொலைபேசியில், "செடி எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறது பாட்டி" என்பாள் அவள். நான்கு ஞாயிறுகள் இப்படியே கழிந்தன. ஐந்தாம் ஞாயிறு அவள் அழுதுவிட்டாள்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்பு பாட்டி, "காய்ந்த கதிரில் காய் ஏதும் இருக்கிறதா, பார்" என்றார். பழுப்பு நிறக் கதிர்களின் செதில்களுக்கு இடையே சிறு காய்கள் சில இருந்தன. "அவற்றைப் பறித்து ஈரம் படாமல் ஒரு டப்பாவில் வைத்திரு. வெயில் வந்தபின் தட்டில் பரப்பி நீர் தெளி. முகத்தை அருகில் கொண்டுபோகாதே!"

பங்குனியில் அவள் நீர் தெளித்தாள். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. திடீரென 'டப்' என்றொரு ஒலி! ஒரு காய் வெடித்து, விதை சுவரில் பட்டுத் தெறித்தது. அடுத்து இன்னொன்று. ஈரம் பட்டால்தான் இக்காய் வெடிக்கும். மழை பெய்து மண் நனைந்திருக்கும் வேளையில் விதை விழுவதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. கட்டிலுக்கு அடியிலும் செருப்புகளுக்கு இடையிலும் தேடி, அவள் பதினொரு விதைகளைப் பொறுக்கினாள். அவற்றில் மூன்று முளைத்தன. ஒன்றைப் புறா கொத்தியது. மற்றொன்று மிகுதியாக நீர் ஊற்றியதால் அழுகியது.

எஞ்சிய ஒன்றில் புரட்டாசி மாதம் முதல் கதிர் எழுந்தது. அன்று மலர்ந்த ஐந்து பூக்கள் ஒரு சரத்திற்குப் போதவில்லை. தெருமுனையில் வாங்கிய மல்லிகை மொட்டுகளுக்கு நடுவே அம்மா அவற்றை வைத்துத் தொடுத்தார். கார்த்திகை பிறந்த அன்றே, எவரும் சொல்லாமல், தொட்டி கூடத்துச் சன்னலோரத்திற்கு வந்துவிட்டது.