மெருகு காத்தல்

துலக்குதலும் காத்தலும் ஒரு தொழில்போலத் தோன்றினும் இருவேறு தொழில்களாம். பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்குந்தோறும் ஒளி மிகுகின்றது. மேலும் கீழும் உள்ளும் புறமும் அவை ஒரே உலோகமாதலின், ஒரு படலம் நீங்கின் அதன்கீழ் நிற்பதும் அப்பொருளேயாம். புதிதாய் வாங்கப்பட்ட மோட்டார்க் காரின் மெருகோ அன்னதன்று. அதன் ஒளி இரும்புத் தகட்டின் ஒளியன்று. தகட்டின்மேற் போர்த்த மெல்லிய தோலின் ஒளியாம். தேய்க்குந்தோறும் அத்தோல் குறையுமேயன்றி வளராது.

அத்தோல் எத்துணை மெல்லியது என்பதை அறிந்தோர் சிலரே. தொழிற்சாலையில் இரும்புத் தகட்டின்மீது முதற்கண் பாஸ்பேட்டுப் படிவம் உண்டாக்குவர். பின்னர் அதனைத் தொட்டியில் அமிழ்த்தி மின்விசையாலே துரு காக்கும் பூச்சினை ஏற்றிச் சூளையிற் சுடுவர். அதன்மேல் இடைப்பூச்சும், நிறப்பூச்சும், முடிவில் நிறமற்ற தெளிபூச்சும் அமையும். இவை யாவும் கூடி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கேயாம். அவற்றுள் ஒளி தருவதாகிய தெளிபூச்சு நாற்பது மைக்ரான் அளவினது. அஃதாவது தலைமயிர் ஒன்றின் கனத்தினும் குறைந்தது.

முன்னாளில் முறை வேறு. சென்னைச் சிம்சன் கம்பெனியார் 1903-ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றைச் செய்த காலத்து, வண்டிகளுக்குக் கையாற் பூசும் வார்னிஷே வழக்கில் இருந்தது. பூசி உலர்த்தி மீண்டும் பூச வாரக்கணக்கில் நாள் செல்லும். 1920-களில் விரைந்து உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பரவிற்று. அக்காலத்துப் பூச்சுக்களில் நிறமே மேற்புறத்தில் நின்று வெயிலில் மங்குமாதலின், மங்கிய பகுதியைத் தேய்த்து நீக்குதல் தக்க தொழிலாகவே இருந்தது. பழைய சாரதிகள் கற்ற அவ்வழக்கமே, தெளிபூச்சுடைய இக்காலத்துக் காரின்மேலும் காரணம் நோக்காது செல்கின்றது.

தரமணியில் நிகழ்ந்த ஒன்று இதனை நன்கு விளக்கும். 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா அங்குத் திறக்கப்பட்டபின், கணினித் தொழில்புரிவார் பலர் அப்பக்கத்து அடுக்குமாடி வீடுகளிற் குடியேறினர். திருவான்மியூர்க் கடற்கரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரே. ஆகலின் காற்றில் உப்பு உண்டு. இணைப்புச் சாலையின் புழுதியும், மெட்ரோ ரயிலுக்காக மண் அகழ்ந்த ஆண்டுகளின் தூசியும் அவ்வுப்போடு கூடின. அத்தகைய வீடொன்றில் இளைஞர் ஒருவர் கருநிறக் கார் ஒன்றைக் கடன் பெற்று வாங்கினார். அவர் தந்தையாரோ திருவான்மியூர் மருந்தீசர் திருக்கோயிலில் நெடுநாள் விளக்குத் துலக்கும் தொண்டு செய்து வந்த முதியவர்.

நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் வெயிலிற் கார் நின்றபோது, கதவின்மேல் ஞாயிற்றின் நிழலுருவைச் சூழ்ந்து சிலந்திவலை போன்ற வட்டக்கீறல்கள் தோன்றின. மகனார் சினந்து, நாள்தோறும் விடியலிற் காரைத் துடைக்கும் தொழிலாளியை நீக்கிவிடத் துணிந்தார். தந்தையார், "பொறு தம்பி. கேட்டறியாமல் ஒருவர் பிழைப்பைக் கெடுத்தல் தகாது" என்று தடுத்து, மறுநாள் விடியலிற் கீழே இறங்கிச் சென்றார்.

தொழிலாளி கையில் ஒரு வாளி நீரும் ஒரு பழந்துணியும் இருந்தன. "எத்தனை வண்டி அப்பா?" என்று அவர் வினவ, "பன்னிரண்டுங்க ஐயா. எல்லாத்துக்கும் இந்த ஒரு வாளிதான். மேலே கேட்டா தண்ணி லாரிக் கணக்கு சொல்லுறாங்க. தினமும் துடைக்கலேன்னா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க" என்று அவர் விடை பகர்ந்தார். முதியவர் அவ்வாளியிற் கைவிட்டு அடியைத் தடவினார். விரலில் மணல் நறநறத்தது.

காரணம் அங்கேயே வெளிப்பட்டது. முன்னைய கார்களின் மணலெல்லாம் துணியில் ஏறிப் பின்னைய கார்களின்மேல் உரைந்தது. மணலிற் பெரும்பகுதி சிலிக்கா. அது தெளிபூச்சினும் வன்மையுடையது. கீறல்கள் எத்திசையிலும் கிடப்பினும், ஒளிக்குக் குறுக்கே நிற்பன மாத்திரம் மின்னுதலின் வட்டம்போற் காணப்படுகின்றன. ஆகவே குற்றம் துடைத்தவர் கையினதன்று. நீரைச் சுருக்கி நாள்தோறும் துடைக்கக் கட்டளையிட்டவர்பாலது. இதனைத் தந்தையார் எடுத்துரைப்ப, மகனார் நாணி உடன்பட்டார். வாரம் ஒருமுறை நன்கு கழுவுதல், ஏனைய நாட்களிற் காரைத் தொடாமை, சம்பளம் மட்டும் குறையாமை என மூன்றும் முடிவாயின. மற்றும் இரண்டு வாளிகளும் நான்கு மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கப்பட்டன.

கழுவும் முறையாவது: கார் நிழலில் நின்று சூடு தணிந்திருத்தல் வேண்டும். முதற்கண் வெறுநீரை மேலிருந்து கீழாகப் பெய்து, கைபடாமலே புழுதியை இறக்கல் வேண்டும். ஒரு வாளியிற் காருக்குரிய மென்சோப்பு நீரும், மற்றொன்றில் துணி அலசும் நீரும் வைத்துக்கொள்க. மேற்கூரையில் தொடங்கிச் சக்கரத்தருகே முடிக்க; சக்கரத்திற்கு வேறு துணி கொள்க. பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகுப் பூச்சை நீக்கிவிடும். மண்ணெண்ணெய் கலந்த நீர் சிறிது நேரம் பளபளப்பைக் காட்டி மேலும் புழுதியைப் பிடித்து வைக்கும். ஆழ்குழாய் நீர் வெயிலில் உலரின் அதிலுள்ள சுண்ண உப்பு வெண்வளையமாய்த் தங்குமாதலின், உடனே ஒற்றி எடுத்தல் நன்று. பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் ஈரத்துணி இட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். உலர்ந்தபின் சுரண்டுதல் கூடாது.

மேற்காப்புக்களும் பல உள. பிரேசில் நாட்டுப் பனையினமொன்றின் ஓலையிற் படியும் கார்னோபா மெழுகு சில வாரங்கள் நிற்கும். செராமிக் பூச்சு நெடுங்காலம் நின்று நீரை உருட்டி ஓட்டும். எனினும் மணற்கீறலை முற்றும் தடுக்காது. பாலியூரிதேன் படலமோ வண்ணப் பூச்சனைத்தினும் கனமானதாகலின் தெறிக்கும் கல்லையும் தாங்கும். விலையும் அதற்கேற்ப மிகும். கீறலை மெருகேற்றி நீக்கலாமெனின், அதுவும் தெளிபூச்சைச் சிறிது சீவுதலேயாம். சிலமுறைக்குமேல் அது செல்லாது.

புதுக்காரைத் திருக்கோயில் வாயிலிற் பூசித்துச் சந்தனமும் குங்குமமும் திருநீறும் அணிதல் நம்மனோர் வழக்கம். அணிதலில் தடையில்லை, அகற்றும் முறையிலேயே கருத்து வேண்டும். உலர்ந்த சந்தனத்தையும் நீற்றையும் மேல்துண்டால் அழுந்தத் துடைப்பின் முதற்கீறல் அன்றே விழும். குங்குமமும் மஞ்சளும் நெடுநேரம் வெயிலிற் காயின் வெண்ணிறக் கார்களிற் கறை தங்கும். அன்று மாலையே நீர் பெய்து கரைத்தல் போதும்.

அன்போடு செய்வது எவ்வாறு ஊறு செய்யும் என்று ஐயுறுவார் பழைய செப்புத் திருமேனிகளை நினைவு கூர்க. பல நூற்றாண்டுகள் நீராட்டித் துடைத்த சில திருவுருவங்களிற் கண்ணும் மூக்கும் மழுங்கியிருத்தலை அன்பர்கள் கண்டிருப்பர். துடைத்தவர் யாவரும் அன்புடையோரே. ஆயினும் தேய்வு தேய்வேயன்றோ! திண்ணிய செம்பிற்கே அதுவாயின், மயிரிழையினும் மெல்லிய தோலைப்பற்றிக் கூறவேண்டுவதென்னை?

தரமணி வீட்டில் இப்பொழுது ஞாயிறுதோறும் அத்தொழிலாளியும் முதியவரும் உடனிருந்து காரைக் கழுவுகின்றனர். பழங்கீறல்கள் அவ்வாறே உள்ளன, புதியன தோன்றவில்லை. ஏனைய பதினொரு கார்களின் உடையோருள் மூவர் தாமும் இரண்டாம் வாளி வாங்கித் தந்துள்ளனர். கீறலைக் கண்டு கையை வெறுப்போர், அக்கைக்குத் தாம் அளந்த நீர் எவ்வளவு என்பதை முன்னர் எண்ணுதல் கடனாம்.