பேனாவுக்குப் பிடிச்ச மை... பேப்பருக்கு ஆகாது!

ஜெல் பேனா கோஷ்டி கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இந்த வாரம் நான் பேசப்போறது, இன்னமும் இங்க் பேனாவில் எழுதுற அந்த ஒருசிலரோட. கிளாஸுக்கு ஒருத்தராவது இருப்பீங்க. சட்டைப் பாக்கெட் மூலையில் நீலமா ஒரு வட்டம் இருக்கும். ஐ.டி. கார்டே தேவையில்லை!

நானும் அந்தக் கூட்டம்தான். சொந்த ஊர் அரியலூர் பக்கம். பெரம்பலூரில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். மூணு மணி நேர செமஸ்டர் பரீட்சையில் அழுத்தாம, விரல் வலிக்காம எழுத இங்க் பேனாவை அடிச்சுக்க ஆளில்லைங்கிறது என் கட்சி. ஆனா, பாதிப் பேர் இதை விட்டுட்டு ஓடின காரணமும் தெரியும். ரெண்டு பரீட்சைக்கு நடுவில் நாலு நாள் லீவு வந்தா, பேனா அடைச்சுக்கும். உதறினா, முன் பெஞ்ச்காரன் முதுகில் மாடர்ன் ஆர்ட். பிளேடை விட்டு நெம்பினா, நிப்பு காலி.

பாவம், பழியெல்லாம் பேனாவுக்கு. வில்லன் மைக்கூட்டுக்குள்ளே இருக்கார், பாஸ்!

மையில் பெரும்பகுதி வெறும் தண்ணிதான். நிப்புக்கு அடியில் கறுப்பா ஒரு கட்டை இருக்கே, அதில் முடி கனத்துக்கு வெட்டின பள்ளம் வழியாத்தான் மை இறங்குது. ஸ்கூல் ஃபிசிக்ஸில் படிச்ச கேபிலரி ஆக்‌ஷன், ஞாபகம் இருக்கா? பேனா சும்மா கிடந்தா தண்ணி ஆவியாகிடும், சாயம் அந்தப் பள்ளத்திலேயே தங்கிடும். அது மறுபடி தண்ணி பட்டா கரையுமா, கரையாதா? மொத்தக் கதையும் இந்த ஒரு கேள்விதான்.

போன ஏப்ரலில் ஹாஸ்டல் ரூமில் ஒரு சோதனை பண்ணினேன். ஒரே கடையில் வாங்கின ஒரே மாதிரி மூணு லோக்கல் பேனா. ஒண்ணில் ராயல் ப்ளூ, ஒண்ணில் கறுப்பு, ஒண்ணில் ப்ளூ-பிளாக். மூடி போட்டு ஜன்னலோரம் வெச்சு மூணு வாரம் தொடவே இல்லை. 'ஏன்டா, வடாம் மாதிரி பேனாவைக் காயப்போடுற?'ன்னு ரூம்மேட் கலாய்ச்சான். பெரம்பலூர் வெயிலைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு, அது எவ்வளவு கடுமையான பரீட்சைன்னு புரியும்.

மூணுமே எழுத மறுத்தது. டம்ளர் தண்ணியில் நிப்பை நிறுத்தினதும் ராயல் ப்ளூ, நீலப் புகை மாதிரி தானா இறங்கிச்சு. அரை மணி நேரத்தில் பேனா பளிச். கறுப்புக்கு ஒரு ராத்திரி ஊறல் தேவைப்பட்டது. ப்ளூ-பிளாக்..? ரெண்டு நாள் ஊறியும் கட்டையோட பள்ளத்தில் கறுப்பா மணல் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு, 'போடா'ங்குது!

பேனாவைச் சுத்தமா வெச்சுக்கிற மைங்கிறது பழைய கனவு. பார்க்கர் கம்பெனி 1931-ல் 'குயிங்க்'னு ஒரு மையைக் கொண்டுவந்தது. குவிக், இங்க் ரெண்டையும் ஒட்டவெச்ச பேர். சீக்கிரம் காயும், எழுத எழுத பேனாவையும் உள்ளே சுத்தம் பண்ணும்ங்கிறதுதான் அதோட விளம்பரமே. அதே 1931-ல்தான் மும்பையில் தண்டேகர் குடும்பம் குதிரை மார்க் மைத்தூள் போட ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி கேம்லின் ஆச்சு.

சரி, 'ராயல் ப்ளூ ஜிந்தாபாத்'னு முடிவே பண்ணிட்டீங்களா? அவசரப்படாதீங்க. ஜெர்மனியில் ஸ்கூல் பசங்க எழுதிப் பழகுறதே இந்த மையில்தான். தப்பா எழுதினா அழிக்க அங்கே தனியா ஒரு பேனா உண்டு. மேலே தேய்ச்சா போதும், ராயல் ப்ளூ மாயமாகிடும். பாட்டில் லேபிளைப் பாருங்க, 'வாஷபிள்'னு போட்டிருப்பான். நாம அதைச் சட்டைக்கும் பேனாவுக்கும் மட்டும்னு நினைச்சுக்கறோம். பேனாவை விட்டுச் சுலபமா போற மை, பேப்பரை விட்டும் அதே வேகத்தில் போகும்!

போன வருஷம் நவம்பரில் என் ஃப்ரெண்டுக்கு அதுதான் நடந்தது. மறுநாள் பிராக்டிகல். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினவன் மேலே அடிச்சு ஊத்தின மழை, பைக்குள்ளே இருந்த ரெக்கார்ட் நோட்டையும் விடலை. ரூமுக்கு வந்து பிரிச்சா, ரீடிங், டேபிள், ரிசல்ட் எல்லாம் சேர்ந்து வானம் மாதிரி ஒரே நீலம். நல்லவேளை, அப்சர்வேஷன் நோட்டு பால்பாயின்ட். அதைப் பார்த்து மூணு பேர் உட்கார்ந்து விடிய விடிய எழுதினோம். அவன் பேனா என்னவோ அன்னிக்கும் சுத்தமாத்தான் இருந்தது.

இந்தக் கதையை தாத்தாகிட்ட சொன்னேன். அவர் அரியலூரில் ரொம்ப வருஷம் பத்திர எழுத்தரா இருந்தவர். 'ராயல் ப்ளூ கடுதாசிக்குடா. பத்திரத்துக்கு ப்ளூ-பிளாக்'னார். அவர் எழுதின பத்திரங்களில் ஊர் மாறலை, மாவட்டம் மாறிக்கிட்டே இருந்தது. 1995 வரைக்கும் திருச்சி, அப்புறம் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர். எங்க மாவட்டத்தோட பேரையே யாரோ வாஷபிள் இங்க்கில் எழுதியிருக்காங்க!

தாத்தா சொன்ன ப்ளூ-பிளாக் வேற பிறவி. இந்தியத் தர நிர்ணயத்திலேயே ரெண்டும் தனித்தனி. வெறும் சாய மைகளுக்கு ஐ.எஸ். 1221, இரும்பு கலந்த மைக்கு ஐ.எஸ். 220. அதில் இரும்பு வெறும் 0.1 சதவிகிதம்தான். ஆனா, வேலை பெருசு. டேனினும் இரும்பு உப்பும் சேர்ந்த இந்த மை, எழுதும்போது கரைசலாத்தான் இறங்குது. காத்து பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி, தண்ணியில் கரையாத கறுப்பா பேப்பர் நாருக்குள்ளேயே உட்கார்ந்துக்குது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம்ம ஊர்ல அந்தக் காலத்தில் மை காய்ச்சினாங்களே, அதே கெமிஸ்ட்ரி. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேட்டுக்குன்னே இப்படி ஒரு மை இருக்கு. அந்த ரியாக்‌ஷன் பேனாவுக்குள்ளேயே நடந்தா..? அதுதான் என் ஜன்னலோரப் பேனாவில் பார்த்த கறுப்பு மணல்!

சும்மா ஒரு மைக்கு இவ்வளவு பில்டப்பான்னு கேட்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பாட்டி தாத்தாவைத் தேடி வந்தாங்க. அண்ணன் தம்பிங்க பாகம் பிரிச்சப்போ அவர் எழுதிக் கொடுத்த கூர்சீட்டு, ரிஜிஸ்டர் பண்ணாதது. அதனால் ஆபீஸில் நகலும் கிடையாது. ஓட்டு வீட்டில் மழை ஒழுகி, காகிதம் அப்பளமா முறுக்கிக்கிட்டு நின்னது. தாத்தா விரிச்சுப் பார்த்தார். நீலம் போயிருந்தது. அதுக்கடியில் இருந்த கறுப்பு போகலை. செக்குபந்தி நாலும் வரி வரியா அப்படியே படிக்க முடிஞ்சது. கிணத்துப் பங்கு உட்பட! பாட்டி எதுவும் பேசலை. காகிதத்தை வாங்கி முந்தானையில் சுத்திக்கிட்டாங்க.

அப்போ தாத்தா பேனா அடைக்கவே இல்லையா? கேட்டேன். அன்னன்னிக்குத் தேவையான மை மட்டும்தான் ஊத்துவாராம். சாயங்காலம் கழுவி, வேட்டி ஓரத்தில் துடைச்சுக் கவுத்து வெச்சிடுவாராம். அடம்பிடிக்கிற மையை ஒரு ராத்திரிகூட பேனாவில் தங்க விடாதவர்.

அவர் துடைச்சு வெச்சதில் ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஏரியா தண்ணி! அரியலூரில் ஏன் இவ்வளவு சிமென்ட் ஃபேக்டரின்னு யோசிங்க. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். போர் தண்ணியில் கழுவி அப்படியே காயவிட்டா, பக்கெட் ஓரத்தில் படியற வெள்ளைப் படலம் கட்டைப் பள்ளத்திலும் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் யூஸ் பண்றேன். சுடுதண்ணி கூடவே கூடாது, பிளாஸ்டிக் நெளிஞ்சிடும். அப்புறம், டிராயிங்குக்கு இருக்கிற 'இந்தியன் இங்க்'கை ஆசைப்பட்டு ஊத்திடாதீங்க. பழைய சீனியர்கள் டிரேசிங் ஷீட்டுக்கு யூஸ் பண்ணினது. அதில் அரக்கு இருக்கும். காய்ஞ்சா பேனாவுக்குக் கருமாதிதான். ரெண்டு மையைக் கலக்கறதும் வேணாம். ஒண்ணு அமிலம், இன்னொண்ணு காரம்னு இருந்தா உள்ளேயே திரிஞ்சு போகலாம்.

இப்போ என்கிட்ட ரெண்டு பேனா. கிளாஸ் நோட்ஸுக்கு ராயல் ப்ளூ. கழுவ மறந்தாலும் கோவிச்சுக்காது. ரெக்கார்டுக்கும் பரீட்சைக்கும் ப்ளூ-பிளாக், தாத்தா ஸ்டைலில். ஆனா, லேபிளை நம்பாதீங்க. இன்னிக்குக் கடையில் ப்ளூ-பிளாக்னு விக்கிற பலதும் வெறும் சாயம்தான். ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பைப்புக்கு அடியில் காட்டுங்க. தெரிஞ்சிடும்.

அந்த ஜன்னலோரப் பேனா என்னாச்சுன்னு கேட்பீங்களே... சர்க்கரை, கலர் சேர்க்காத வைட்டமின் சி மாத்திரை ஒண்ணைப் பொடி பண்ணி, தண்ணியில் கரைச்சு, அரை மணி நேரம் ஊறவெச்சேன். அது இரும்பைத் திரும்பக் கரையற வடிவத்துக்குக் கொண்டுவந்திடும். அதுக்கு மேலே ஊறினா ஸ்டீல் நிப்பை அரிக்கும். உடனே நல்லா அலசிடணும். கறுப்பு மணல் மொத்தமும் கரைஞ்சு வந்தது. இப்போ எங்க ஃப்ளோரில், சளி பிடிச்சு மாத்திரை கேட்டு வர்றவனைவிட, பேனா அடைச்சுக் கேட்டு வர்றவன்தான் ஜாஸ்தி!