ஒரு கிலோமீட்டர்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி.

முதல் அழைப்பு என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த ஒரு மாணவனுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அப்பா கட்டிய சின்ன வீடு, கூடவே அம்மா. மகளை எல்கேஜியில் சேர்க்க வேண்டும்.

"டீச்சர், ராஜபாளையத்துல வாடகைக்கு வீடு பார்த்திருக்கேன். நாங்க நினைக்கிற ஸ்கூலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கு. அங்க போயிட்டா இலவச சீட்டுக்குப் போடலாம்."

பலருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். நம் மாநிலத்தில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கே முன்னுரிமை. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எட்டாம் வகுப்பு வரைதான் இந்தச் சலுகை.

"வாடகை எவ்வளவுப்பா?"

"ஆறாயிரம் டீச்சர்."

"ஸ்கூல்ல ஃபீஸ்?"

"இப்போதைக்கு வருஷத்துக்கு முப்பதாயிரம்."

கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? "ஆறாயிரத்தைப் பன்னிரண்டால பெருக்கு" என்றேன். 72,000. முப்பதாயிரத்தை மிச்சம் பிடிக்க எழுபத்திரண்டாயிரம்! புத்தகம், சீருடை, போகவர பெட்ரோல் எல்லாம் தனி. மேல் வகுப்புக்குப் போகப் போகக் கட்டணம் ஏறும், உண்மைதான். வாடகையும் ஏறும். குலுக்கலில் பெயர் வராவிட்டால் வாடகையும் கட்டணமும் சேர்ந்து தலையில் விழும்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க வரலையாம் டீச்சர். இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டேங்கிறாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "நீங்களும் உங்க மகளுக்காகத்தானே டீச்சர் ராஜபாளையம் போனீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு இது தெரியும், மரியாதைக்காக யாரும் கேட்டதில்லை. அவன் கேட்டுவிட்டான். அதனால் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

1993 ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைவிட்டு ராஜபாளையத்துக்குக் குடி போனோம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். என் கணவருக்கு அங்கே நூற்பாலையில் வேலை, அவருக்கு வசதி என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, மகளை அங்கே ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்க ஆசைப்பட்டேன். எங்கள் தெருமுனையில் தொடக்கப் பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியிலேயே அவள் படித்திருக்கலாம். உங்களுக்கெல்லாம் "நம்ம பள்ளிக்கு என்ன குறைச்சல்?" என்று காலை வணக்கத்தில் பேசியவள் நான். என் பிள்ளையை மட்டும் அதைத் தாண்டிக் கூட்டிப் போனேன்.

என் அத்தை, அதாவது மாமியார், வரவில்லை. "ஆண்டாள் கோபுரம் கண்ணுல படாத ஊர்ல எனக்குச் சோறு இறங்காதும்மா" என்றார். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தோம். பிறகு அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. 1998இல் ஒரு புதன்கிழமை அவர் இறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பக்கத்தில் இருந்தார்கள்.

மகள் நன்றாகப் படித்தாள். பொறியியல் முடித்தாள். இப்போது அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறாள். நான் செய்தது சரிதான் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு வந்த இரண்டாவது அழைப்பு அவளுடையது. டாலஸ் புறநகரில் வீடு தேடுகிறார்கள். அங்கே பள்ளி மாவட்டம் என்று எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த எல்லைக்குள் வீடோ, அந்தப் பள்ளியில்தான் பொதுவாகப் பிள்ளைக்கு இடம். வீட்டு வரியின் பெரும்பகுதி அந்தப் பள்ளிகளுக்கே போகிறது. நல்ல பெயர் எடுத்த பள்ளி என்றால் அந்த எல்லைக்குள் வீட்டு விலையும் எகிறிவிடும். ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை என்றாள்.

"நீ அன்னைக்குச் செஞ்சதைத்தான்மா நானும் செய்யறேன்" என்று சிரித்தாள்.

"உனக்கு அந்த நாள்ல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். பள்ளியைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"சாவிதான்மா. கழுத்துல கயிறு கட்டி வீட்டுச் சாவியைத் தொங்கவிடுவியே. நாலு மணிக்கு நானே திறந்து உள்ள போய், நீ ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து பஸ்ல வர்ற வரைக்கும் ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். அப்பத்தா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நம் மாவட்டத்துக்காரர் காமராஜர். பிள்ளை பள்ளியைத் தேடி அலையக் கூடாது, பள்ளி பிள்ளையைத் தேடி ஊருக்குள் வர வேண்டும் என்று அவர் ஆட்சியில் கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்தார்கள். 1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி கல்விக் குழுவும் அருகமைப் பள்ளியைத்தான் சொன்னது. பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றது. அந்த "அருகமை" என்ற சொல்தான் இப்போது ஒரு கிலோமீட்டராக நிற்கிறது. பள்ளி வீட்டுக்கு அருகில் வர வேண்டும் என்று தொடங்கியது, வீடு பள்ளிக்கு அருகில் போவதில் வந்து முடிந்திருக்கிறது. அதற்கு என்னைப் போன்ற ஆசிரியர்களும் காரணம். நாங்களே எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளியை ஊர் எப்படி நம்பும்?

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டேன். "போகாதேன்னு சொல்ற தகுதி எனக்கு இல்லப்பா. ஆனா நான் பார்க்காம விட்டதை நீ பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வீடு மாறும் முன் அந்தப் பள்ளி 25 சதவீதத்துக்குள் வருமா என்று விசாரியுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேர்க்கை எல்லா வருஷமும் நேரத்துக்கு நடக்கும் என்றும் நம்பி இருக்காதீர்கள். மத்திய அரசின் நிதி வராததால் 2025இல் அக்டோபரில்தான் தொடங்கியது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, 2020 சட்டப்படி. மறு வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. இலவச சீட்டில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் மருத்துவத்தில் அந்த ஒதுக்கீடு உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்க யார் இருப்பார்கள்? நான் இதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் ராஜபாளையம்தான் மனசில் இருக்கிறதாம். அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் பக்கத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளியை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை எப்படி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"நீங்களும் வாங்க டீச்சர், எனக்கு என்ன கேக்கணும்னு தெரியாது" என்றான்.

அவன் வீடு எங்கள் பழைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அவன் பார்க்கப் போவது எங்கள் தெருமுனையில் இருந்த அதே பள்ளிதான். 1993இல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலைத் தாண்டிப் போனேன். அன்று ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வரும் திங்கட்கிழமை காலை போகிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படிப் பள்ளி தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றாலும் தாராளமாகத் திட்டலாம். இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.